களவொழி விழாவுக்கு அம்மி சுமந்து வந்தவர்களைக் குறித்து எழினிமாதேவி விடுத்த ஓலை

நலம் பெருகுக. நெல்லும் உப்பும் குறையாத அலைவேலி நாட்டின் அரியணையில் பதினோராம் ஆண்டு வீற்றிருக்கும் பெருங்கோமகள் எழினிமாதேவி, தென்துறைக் காவலனும், நூறு நாவாய்க்கு உரியவனும், குதிரை மேல் ஏறினால் இறங்க மனமில்லாதவனும், நம் தாய் வயிற்றில் நமக்குப் பின் பிறந்தவனுமாகிய இளவல் சேந்தன் பொறையனுக்கு மகிழ்ந்து விடுத்த திருவோலை. உன் துறையில் காற்று வேண்டிய திசையில் வீசுக; உன் மனையாளும் மக்களும் நோயின்றி வாழ்க; உன் குடிகள் உண்டபின் மிஞ்சும் அளவுக்கு அவர்கள் அடுப்பில் சோறு இருக்குக.

தம்பி, சென்ற திங்கள் நீ விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உன் நகரில் கள்வர் செல்வர் வீதியையே நாடுகின்றனர் என்றும், மீனவர் குடியிருப்பில் எடுப்பதற்கு ஒன்றுமில்லையாதலால் அங்கே களவே இல்லை என்றும், ஆகையால் செல்வர் வீதிக்கு மேலும் அறுபது காவலர் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம். உன்னை எள்ளிச் சிரித்தோம் என்று எண்ணாதே. ஐந்து திங்களுக்கு முன் நாமும் இதையே நம்பினோம். நம்பியதோடு நில்லாமல் அதற்கு ஒரு விழாவும் எடுத்தோம். அந்த விழாவில் நமக்கு நேர்ந்ததையும் அதன்பின் நடந்ததையும் ஒன்றும் மறைக்காமல் உனக்குச் சொல்லுகிறோம்.

நம் அமைச்சர் வேணாவுடையாரை நீ அறிவாய். நம் தந்தையார் காலம் தொட்டு முறைமன்றத்தைக் கட்டிக் காப்பவர். ஏட்டில் எழுதப்பட்டதை வேதமாகவும் எழுதப்படாததை வதந்தியாகவும் கொள்பவர். சென்ற ஆண்டு அவர் களவு முறையீடுகளை எல்லாம் தொகுத்து நம் முன் வைத்தார். நாற்பத்திரண்டு முறையீடுகள். ஒன்றுவிடாமல் அனைத்தும் வணிகர் வீதியிலிருந்தும் அதை ஒட்டிய மாடவீதியிலிருந்தும் வந்தவை. முத்து வணிகர் பொலஞ்சாத்தர் வீட்டில் மூவடுக்கு முத்துவடம் போனதும் அவற்றுள் ஒன்று. பொருள் இருக்கும் இடத்துக்கே கள்வன் வருவான் என்று அமைச்சர் கூற, நாமும் தலையசைத்தோம். நகரெங்கும் பரவியிருந்த காவலரை எல்லாம் திரட்டி அவ்விரு வீதிகளில் நிறுத்தினோம். கிழக்கே உப்பளத்தை ஒட்டிய அளத்துப்பாக்கத்தில் இருந்த இரண்டு காவலரையும் அழைத்துக்கொண்டோம்.

நான்கு திங்கள் கழிந்தன. முறைமன்றத்துக்கு ஒரு களவு முறையீடும் வரவில்லை. எழுத்தர்கள் எழுத்தாணியைத் துடைத்து வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டனர். வேணாவுடையார் முகத்தில் அத்தனை ஒளியை நாம் அதற்குமுன் கண்டதில்லை. அலைவேலி நாட்டில் களவு ஒழிந்தது என்று பறையறைவித்து, ஆற்றங்கரை மைதானத்தில் களவொழி விழா நடத்த ஆணையிட்டோம். நகரத்தார் அனைவருக்கும் பகலுணவு. உப்பளத்துக்கும் அன்று விடுமுறை.

விழா நாள் காலை நாம் பந்தலில் அமர்ந்திருந்தோம். வணிகர் வீதியார் பட்டுடுத்துக் கைவீசி வந்தனர். பிறகு கிழக்கு வாயில் வழியே அளத்துப்பாக்கத்தார் வந்தனர். முதலில் வந்தவள் தலையில் அம்மிக்கல் இருந்தது. அவள் பின்னே ஒருவன் தோளில் உரல். அவனுக்குப் பின்னே பானை அடுக்கைச் சுமந்தவர், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியவர், ஆட்டைக் கயிற்றில் பிடித்தவர், சேவலை முந்தானையில் முடிந்தவர் என்று ஓர் ஊரே இடம்பெயர்ந்து வருவதுபோல் வந்தனர். மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டனர். வெள்ளம் வந்துவிட்டதோ என்று நாம் எழுந்து ஆற்றைப் பார்த்தோம். ஆறு அமைதியாக ஓடியது.

வந்தவர்களில் ஒருத்தியை அருகில் அழைத்தோம். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்து, கண் மட்டும் சிரிப்பவள், ஒரு கையில் உப்பு வாரும் பலகை, மறு கையில் கோழி. பெயர் கொற்றி என்றாள். விருந்துக்கு ஏன் இவற்றைச் சுமந்து வந்தீர்கள் என்று கேட்டோம்.

அவள் கோழியைக் கீழே விடாமலே கும்பிட்டாள். "வீட்டுல வச்சுட்டு வந்தா, திரும்பிப் போறப்ப வீடு மட்டுந்தான் இருக்கும் தாயே. விழாவுக்கு வராம இருந்தா மரியாதை இல்லை. அதான் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டே வந்துட்டோம்."

அம்மியையுமா ஒருவன் திருடுவான் என்று அமைச்சர் கேட்டார்.

"போன மாசம் எங்க அடுத்த வீட்டுல போச்சுங்கய்யா. ஒத்தை ஆளா எப்படித் தூக்கினான்னுதான் இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. வணிகர் சிரித்தனர், அளத்துப்பாக்கத்தாரும் சிரித்தனர். வேணாவுடையார் சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உன் வீட்டில் என்ன போயிற்று என்று கொற்றியைக் கேட்டோம். ஓராண்டில் மூன்று முறை போயிற்று என்றாள். முதலில், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடம். பிறகு, சினையாக இருந்த வெள்ளாடு. மூன்றாவதாக, உப்பு வாரும் பலகை. பலகை போனபின் புதிது செய்து முடியும்வரை ஒன்பது நாள் வெறுங்கையால் உப்பை வாரியிருக்கிறாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தம்பி, அந்தக் கையைப் பற்றி இதற்குமேல் எழுத நமக்கு மனம் வரவில்லை.

பொலஞ்சாத்தர் நம் வலப்பக்கம் அமர்ந்திருந்தார். நேர்மையான மனிதர். எழுந்து நின்று, முத்துவடம் போன அன்று தாம் நாளெல்லாம் கூச்சலிட்டதாகவும், ஆயினும் அன்றும் வழக்கம்போல் உண்டதாகவும், மறுநாள் கடை திறந்ததாகவும், ஒரு பலகை போனால் ஒருவர் அடுப்பே அணையும் என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என்றும் சபையறியச் சொன்னார்.

மூன்று முறை போயும் முறைமன்றத்துக்கு ஏன் வரவில்லை என்று அமைச்சர் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, நெஞ்சில் முள் தைத்தவர்போல் கேட்டார்.

"எப்படிங்கய்யா வர்றது? ஒரு நாள் அங்க வந்து நின்னா, அளத்துல என் பாத்தியை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வந்தாலும், ஓட்டு வீட்டுக்காரர் ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டியான்னு சொல்றாங்க. எங்க ஊர்ல எல்லாம் ஓலை வீடு. ஓட்டு வீட்டுக்காரரு எங்க வீட்டுக் குடம் போனதை எங்கிருந்து பார்த்தாரு?"

அந்த விதி நம் பாட்டனார் இட்டது. அதை நாம் ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்த்ததில்லை.

ஏட்டில் இல்லாததைத் தாம் எவ்வாறு அறிவது என்று வேணாவுடையார் நம்மை நோக்கிக் கேட்டார். விடை கொற்றியிடமிருந்து வந்தது. "எங்க ஊர்ல பத்து நாள் குடியிருந்து பாருங்கய்யா. பக்கத்து வீடு சும்மாத்தான் கிடக்கு." அமைச்சர் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். ஆகட்டும் என்றோம். அவரும் ஆகட்டும் என்றார். அதன்பின் நடந்த விருந்தில் அளத்துப்பாக்கத்தார் தம் அம்மிகளின் மேலேயே அமர்ந்து உண்டனர்.

மறுநாளே அமைச்சர் பட்டைக் களைந்து, உப்பள வேலைக்காரர் உடுத்தும் முரட்டு வேட்டியோடு அந்த ஓலை வீட்டில் குடியேறினார். தம்மோடு கொண்டுசென்றவை ஒரு செப்புக் குடமும், ஒரு தாழங்குடையும், காலில் கிடந்த தோற்செருப்புமே. அவருடைய மாளிகையில் முப்பது ஆண்டாக ஒரு துரும்பும் காணாமல் போனதில்லை. அளத்துப்பாக்கத்தில் நான்காம் நாள், ஊரார் எல்லாரும் அளத்துக்குப் போனபின், அண்டை வீட்டார் பேச்சுக்குரல்கூட இல்லாத முற்பகலில், கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினார். செப்புக் குடம் இல்லை.

உடுத்திய வேட்டியோடு முறைமன்றத்துக்கு நடந்தார். அங்கே புதிதாக அமர்ந்திருந்த எழுத்தன் அவரை அறியவில்லை. குடிசைக்காரருக்குச் செப்புக் குடம் ஏது என்று முதலில் கேட்டான். ஓட்டு வீட்டார் இருவரோடு பத்து நாள் கழித்து வரச் சொன்னான். வேணாவுடையார் தம் பெயரைச் சொல்லவில்லை. வெயிலில் வரிசையில் நின்று, வந்த வழியே திரும்பினார். அன்று அவர் நமக்கு விடுத்த ஓலையில் இரண்டே வரிகள் இருந்தன: "தேவி, முப்பது ஆண்டாக நான் காத்த வாயிலை இன்றுதான் வெளியே நின்று பார்த்தேன். அது மிகவும் சிறியது."

ஏழாம் நாள் கள்வன் மறுபடியும் அதே வீட்டுக்கு வந்தான். ஒருமுறை எளிதில் திறந்த கதவு மறுமுறையும் எளிதில் திறக்கும் என்று அவனுக்குத் தெரியும். அமைச்சர் வீட்டின் பின்புற நிழலில் படுத்திருந்தார். உள்ளே அரவம் கேட்டு எழுந்து சுற்றி வந்தபோது, ஒருவன் அவருடைய தாழங்குடையை விரித்துப் பிடித்து, அவருடைய செருப்பையே காலில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளைபோல் தெருவில் நடந்துகொண்டிருந்தான்.

நாட்டின் முதலமைச்சர், அறுபத்தெட்டு வயதினர், வெறுங்காலோடு அவனைத் துரத்தினார். "பிடியுங்கள்! என் செருப்பு! என் செருப்பு!" என்று அவர் இட்ட கூக்குரல் உப்பளம் முழுதும் கேட்டதாம். அளத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தனர். கொற்றி பலகையை ஓங்கிப் பிடித்தாள்.

"அய்யா, வரப்பு வழுக்கும், மெதுவா வாங்க! ஏ புள்ளைகளா, மேற்கே மறிங்கடி! அவனைப் பாத்திக்குள்ள தள்ளுங்க!"

அளத்து வரப்பில் நடக்க வெறுங்கால் வேண்டும். கள்வனோ அமைச்சரின் வழவழத்த செருப்பில் இருந்தான். மூன்றாம் வரப்பில் சறுக்கி உப்புச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினான். அவனைப் பற்றப் போன வேணாவுடையாரும் உடன் விழுந்தார். பெண்கள் பலகைகளோடு சூழ்ந்து நின்றபோது, இருவரில் கள்வன் யார், அமைச்சர் யார் என்று தெரியாத அளவுக்கு இருவரும் வெள்ளையாக இருந்தனராம். முதலில் சிரித்தவர் அமைச்சர்தான் என்று கொற்றி சொல்லுகிறாள். அமைச்சர் அதை மறுக்கவில்லை.

கள்வனின் பெயர் கோடன். நம் முன் நிறுத்தினர். பொய் சொல்லும் ஆள் இல்லை; சோம்பல் மிகுந்தவன், அவ்வளவே. பொலஞ்சாத்தரின் முத்துவடத்தை எடுத்தவனும் தானே என்று ஒத்துக்கொண்டான். பொன்னும் முத்தும் இருக்கும் வீதியை விட்டுப் பானையும் பலகையும் இருக்கும் ஊருக்கு ஏன் போனாய் என்று கேட்டோம்.

"அங்க மதில் இருக்கு, நாய் இருக்கு, இப்ப காவலும் வந்துருச்சு. எடுத்தா மறுநாளே ஊரைக் கூட்டிடுவாங்க. இங்க ஓலைக் கதவு. விடிஞ்சா எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க, நான் ராத்திரி கண்ணு முழிக்கவே வேண்டாம். பொருள் சின்னதுதான். ஆனா போச்சுன்னு சொல்ல அவங்களுக்கு நேரம் கிடையாது, சொன்னாலும் கேக்க ஆள் கிடையாது." சற்றுத் தயங்கி, தலையைச் சொறிந்துகொண்டு, "அங்க இருந்த ரெண்டு காவலரையும் நீங்கதானே தாயே திருப்பி அழைச்சுக்கிட்டீங்க?" என்றான்.

ஆம், நாமே அழைத்துக்கொண்டோம் என்றோம். அரியணையில் ஏறிய நாள் முதலாக இவ்வளவு கசப்பான உண்மையை ஒருவரும் நமக்கு இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

கொற்றியை அழைத்து, என்ன வேண்டும் கேள் என்றோம். பொன் கேட்பாள், நிலம் கேட்பாள் என்று கருவூலத்தார் காத்திருந்தனர்.

"கதவு வேணும் தாயே. மரக்கதவு. தாழ்ப்பாளோட. எனக்கு மட்டும் வேண்டாம், எல்லா வீட்டுக்கும்."

நூற்றுப்பதினெட்டு வீடுகளுக்கும் கதவு செய்ய ஆணையிட்டோம். கோடன் எப்போதோ விற்றுத் தின்றுவிட்ட முத்துவடம் தமக்குத் திரும்பாது என்று அறிந்தும் பொலஞ்சாத்தர் தம் மரக்கிடங்கிலிருந்து வேங்கை மரத்தைத் தாமாகவே அனுப்பினார். தம் வீட்டுக்கு மதிலே காவலாக இருக்கும், வாயிலில் நிற்கும் நால்வரை அளத்துப்பாக்கத்துக்கு அனுப்புக என்றும் வேண்டினார். மரத்தைச் சுமப்பதும் தச்சருக்கு ஏவல் செய்வதும் கோடனுக்கு இட்ட தண்டனை. எந்தத் தாழ் எளிதில் நெகிழும், எது நெகிழாது என்று அவனைவிட அறிந்தவர் இல்லையென்று தச்சர் இப்போது அவனைக் கேட்டே தாழ் பொருத்துகின்றனர்.

கதவுகள் ஏறிய நாளை நீ பார்த்திருக்க வேண்டும், தம்பி. நாமே சென்றிருந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் மாவிலை கட்டி, கதவுக்கு மஞ்சள் பூசி, குழந்தைகள் திறப்பதும் சாத்துவதுமாக ஊரே கொட்டுப்போல் அதிர்ந்தது. கொற்றியின் மூத்த மகள் வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, "அம்மா, இப்பத் தட்டு!" என்பாள், கொற்றி தட்டுவாள், அவள் திறக்காமல் உள்ளே கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். வேணாவுடையார் முதல் ஆணியை அடிக்கிறேன் என்று சுத்தியலை வாங்கித் தம் கட்டைவிரலையே அடித்துக்கொண்டார். நமக்குக் கம்பங்கூழும் சுட்ட கருவாடும் தந்தனர். அரண்மனைச் சமையலார் காதில் விழாதபடி உனக்குச் சொல்லுகிறோம்: மூன்று கலயம் குடித்தோம்.

ஓட்டு வீட்டுச் சாட்சி விதியைக் கிழித்தெறிந்தோம். முறைமன்ற எழுத்தர் இருவர் இப்போது அளத்து ஓரத்திலேயே அமர்கின்றனர்; முறையிட வருபவரின் பாத்தியைப் பிறருக்குக் கொடுப்பது குற்றம். இப்படிச் செய்த முதல் திங்களில் ஐம்பத்தெட்டு முறையீடுகள் வந்தன. களவு பெருகிவிட்டதே என்று சபையோர் கலங்கினர். அவ்வோலைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வேணாவுடையார், "களவு கூடவில்லை, தேவி. குரல் கூடியிருக்கிறது" என்றார். களவொழி விழாவில் கண்டதைவிட அன்று அவர் முகம் ஒளியாக இருந்தது.

ஆகையால் தம்பி, நீ கேட்ட அறுபது காவலரை நாம் அனுப்பப் போவதில்லை. இருக்கும் காவலரில் பாதிப்பேரை, கதவு மெலிந்த வீடுகள் எங்கே உள்ளனவோ அங்கே நிறுத்துக. மீனவர் கடலுக்கும் மீனவப் பெண்கள் சந்தைக்கும் போகும் பொழுதில் அவர்கள் தெருவில் ஒரு கண் விழித்திருக்குக. உன் முறைமன்றத்தின் விதிகளை நீயே வாய்விட்டுப் படிப்பாயாக. செல்வர்க்கு உரிய காவலை முற்றும் பறிக்கவும் வேண்டா. அவர்களும் நம் குடிகளே, அவர்கள் அழுகையும் அழுகையே. ஆயினும் முறையீடு வராத தெருவில் துன்பம் இல்லையென்று இனி ஒருநாளும் நமக்கு எழுதாதே.

இன்னும் ஒன்று. அளத்துப்பாக்கத்தில் எடுத்த பொருளை எல்லாம் கோடன் உப்புப் படகுகளில் ஏற்றி உன் துறைச் சந்தையில்தான் விற்றிருக்கிறான். அவற்றை அடையாளம் கண்டு மீட்கவும், உன் மீனவர் குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று, போனது என்ன என்று கேட்டு வரவும் நாம் ஒருவரை நம் தூதராக விடுத்திருக்கிறோம். இவ்வோலையை இப்பொழுது உன் கையில் தந்து, உன் எதிரே நிற்பவளே அவள். அவள்தான் கொற்றி. உன் ஓலைநாயகன் இதைப் படித்து முடிக்கும்வரை அவளை நிற்க வைத்திருப்பாய் என்று அறிவோம். போதும். நீ எழுந்து, உன் இருக்கைக்கு இணையான இருக்கையில் அவளை அமரச் செய்க. அவள் கேட்பதற்கு விடை சொல்லுக. அவள் காட்டும் தெருவுக்கு, குதிரையை விட்டிறங்கி நடந்து செல்லுக. அவள் வாய்மொழி நம் வாய்மொழி.

இவ்வாறு ஆணையிட்டு, கயல் பொறித்த நம் இலச்சினையை அரக்கில் ஒற்றி, அமைச்சர் வேணாவுடையார் கட்டைவிரல் கட்டோடு கையொப்பமிட, ஆட்சியாண்டு பதினொன்று, ஆனித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள் முற்பகலில் எழுதி முடித்தோம். இவ்வாணை நடந்தேறுக; உன் மேல் நம் அன்பு என்றும்போல் நிற்குக.